தெருவுக்கு முதுகு காட்டிய கல்வீடு

கனடாவில் நான் கண்ட முதல் அழகான கட்டடம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

விமான நிலையத்தில் பெட்டியைக் காரில் ஏற்றிய கையோடு என் தம்பி நேசன் என்னை அங்கேதான் கொண்டுபோனான். ஒரு வாய் தேத்தண்ணீர்கூடத் தரவில்லை. "முதலிலை வீட்டைப் பாருங்கோ அக்கா, நித்திரை பேந்து கொள்ளலாம்" என்றான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஏப்ரல் மாதம். வசந்தகாலம் வந்துவிட்டதாகக் கார் வானொலி சொன்னது. தெருவோரமெல்லாம் கரி பிடித்த பனி குவிந்து கிடந்தது. இந்த நாட்டில் வானொலிக்காரர்களும் பொய் சொல்வார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

நான் கொழும்பில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கே போனாலும் கைப்பையில் ஓர் அளவு நாடாவும் சின்னத் திசைகாட்டியும் இருக்கும். எதைப் பார்த்தாலும் சுவரின் தடிப்பைத்தான் முதலில் பார்ப்பேன். நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ரூஜ் பகுதிக்குள் கார் நுழைந்ததும் எனக்குக் கோபம் தொடங்கிவிட்டது. வரிசை வரிசையாகப் புது வீடுகள். எல்லாவற்றுக்கும் முகத்தில் ஒரு பெரிய கராஜ் கதவு. கார் ராசா மாதிரி முன்னுக்கு இருக்கிறது, மனிதர்கள் பக்கத்து ஒடுக்கு வழியால் உள்ளே போகிறார்கள். வெளியே ஒற்றைச் செங்கல், உள்ளே பலகைச் சட்டம், அதற்கு மேல் அட்டை. அதற்கு இருபத்தைந்து வருடம் கடன் கட்டுகிறார்களாம்.

தெருவின் வளைவில் கார் நின்றது. இரண்டு புது வீடுகளுக்கு நடுவில், கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பழைய கல்வீடு. எங்களூரில் சீமெந்துக் கல் அடுக்கினாலே கல்வீடு என்போம். இது மெய்யாகவே கல். சாம்பல், ரோசா, கறுப்பு என்று வயலில் பொறுக்கிய கற்கள், சுண்ணாம்புச் சாந்தில் அமர்ந்திருந்தன. ஆனால் எனக்குத் தெரிந்தது பின்பக்கம். சின்ன யன்னல்கள், வாசலே இல்லை.

"முன்பக்கம் எங்கையடா?"

"அங்காலை, அக்கா. முந்தி அந்தப் பக்கம்தான் ரோட் இருந்ததாம். வீடு கட்டின கொம்பனி அதை மூடிப்போட்டு இஞ்சாலை புது ரோட் போட்டிட்டாங்கள்."

சேற்றில் சப்பாத்துப் புதையச் சுற்றிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்து அப்படியே நின்றேன்.

இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து உழுது பிழைக்க வந்த கமக்காரர்கள், தங்கள் ஊர் வீட்டை மனதில் வைத்துக்கொண்டு கட்டியது. முன்முகத்துக்கு மட்டும் கல்லைச் சதுரமாக வெட்டி வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தார்கள். மூலைகளில் பெரிய கற்கள், ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று மாறி மாறிக் கோத்திருந்தன. ஒவ்வொரு யன்னலுக்கும் மேலே ஆப்பு வடிவக் கற்களால் தட்டை வளைவு. வீட்டின் இரண்டு பக்கத்திலும் புகைபோக்கி. நட்ட நடுவில் வாசல். அதன் இரு புறமும் ஒடுங்கிய கண்ணாடி, தலைக்கு மேலே விசிறிபோல விரிந்த கண்ணாடி. வந்த களைப்பெல்லாம் போய்விட்டது. வாழ்க்கையில் ஒருமுறையாவது ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறாய் என்று நேசனிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் கிழக்குப் பக்கச் சுவரைக் கண்டேன். ஆளுயரத்துக்கு ஒரு செவ்வகம், வெள்ளைச் சோக்கால் கீறியிருந்தது.

"உது என்ன?"

நேசன் வானத்தைப் பார்த்தான். "திங்கட்கிழமை உதிலை வாசல் வெட்டப் போறம் அக்கா."

அந்தச் சுவர் இரண்டடி தடிப்பு. வெளியே ஓர் அடுக்குக் கல், உள்ளே ஓர் அடுக்குக் கல், நடுவில் சல்லியும் சுண்ணாம்பும். சோக்குக் கோட்டுக்குச் சரியாக மேலே புகைபோக்கி ஏறுகிறது. முட்டுக்கொடுக்காமல் அதில் கல் அறுக்கிற வாள் வைத்தால், நெல்லுச் சாக்கில் கத்தி போட்ட கதைதான். நடுவில் இருப்பதெல்லாம் கொட்டுண்டு போகும், பிறகு மேலே உள்ளதும் வரும். இதை அவனுக்குச் சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன். பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது. பிறகு கழுத்துச் சால்வையைக் கழற்றி, அந்தக் கோட்டை நானே அழித்தேன்.

மறுநாள் காலை ஸ்காபரோவில் அவர்களுடைய அப்பார்ட்மெண்டில் கண் விழித்தேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வாசம் வந்தது. பக்கத்துப் பிளாசாவில் இருக்கும் தமிழ்க் கடையில் எல்லாம் கிடைக்கிறது. கொழும்பில் இருந்து நான் காவிக்கொண்டு வந்த முருங்கைக்காய்கூட அங்கே குவித்து வைத்திருக்கிறார்களாம். என் பெட்டியின் பாதிப் பாரம் வீண்.

நேசனின் மனைவி சுகந்தி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கலியாணம் கட்டிப் பத்து வருடத்துக்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளை. அபி என்று பெயர். தவழவும் தொடங்கவில்லை. பிள்ளைப்பேற்றுக்குச் சுகந்தி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், மலிவாக வருகிறதென்று நேசன் அந்த வீட்டை வாங்கிவிட்டான். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு காரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது, அவள் காரைவிட்டு இறங்கவே இல்லையாம்.

"தெற்கு வாசல், மச்சாள். யமன்ரை திசை. கிழக்காலை வாசல் வெட்டினால்தான் சரி எண்டு சாத்திரியாரும் சொன்னவர். என்ரை பிள்ளையை நான் உதாலை கொண்டு போகமாட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ளை, நீர் படிச்சனீர். இஞ்சை சூரியன் தெற்குப் பக்கத்தாலைதான் சுத்துது. குளிர்காலத்திலை வெயில் வீட்டுக்கை வரட்டும் எண்டுதான் அவங்கள் தெற்கு பார்த்துக் கட்டினவங்கள். நாங்கள் வெயிலுக்கு ஒளிச்சுக் கட்டுறம், அவங்கள் வெயிலைத் தேடிக் கட்டியிருக்கிறாங்கள். இதிலை யமன் எங்கை வந்தவன்?"

சுகந்தி பிள்ளையின் கால் விரல்களைத் தடவிக்கொண்டு இருந்தாள்.

"எங்கடை அப்பாவின்ரை வீடும் தெற்கு வாசல். மாத்தச் சொல்லி எல்லாரும் சொன்னவை. அப்பா சிரிச்சவர். சண்டை நேரம் வீட்டு முத்தத்திலை ஷெல் விழுந்தது. அவரைக் கொண்டு போனதும் அந்த வாசலாலைதான்." பிள்ளையின் காலைத் துணியால் மூடிவிட்டுச் சொன்னாள்: "ஷெல் வாசல் பார்த்து விழாது எண்டு எனக்குத் தெரியும், மச்சாள். தெரிஞ்சும் பயமாக் கிடக்கு."

கல்லூரியில் இதற்குப் பாடம் இல்லை. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கோபம் மட்டும் போகவில்லை, வேறு ஆளைத் தேடியது.

ஆள் பின்னேரம் தானாகவே வந்தது. தவம் அண்ணை என்று எல்லோரும் அழைக்கிற மனிதர், ஒரு பெட்டி ஆட்டிறைச்சி ரோல்ஸோடு வந்து இறங்கினார். ஊரில் வர்த்தகம் படிப்பித்தவராம். இங்கே தமிழர் வீடுகளின் அடித்தளத்து பேஸ்மெண்ட் முழுவதையும் அவர்தான் அடித்து, பிரித்து, அட்டை போட்டு வாடகைக்கு விடச் செய்கிறார். சோக்குக் கோடு கீறியவர் அவர்தான்.

"உது என்ன பெரிய வேலை, ரீச்சர்? கொங்கிறீற் வெட்டுற மெஷின் ஒண்டு வாடகைக்கு எடுத்தால் ஒரு நாளிலை வெட்டிப் போடலாம். பழைய வீடெண்டால் முகப்பைத் தொடக்கூடாது எண்டுதான் சட்டம். பக்கத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை."

"அண்ணை, அது கொங்கிறீற் இல்லை. கட்டின கல்லு. வெட்டினால் ஊத்துண்டு போகும்."

"ஊத்துண்டால் பூசிவிடலாம், ரீச்சர்."

சீமெந்துப் பூச்சு! சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிற சுவர். அதற்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே நின்று கல்லைத் தின்னும். இதை விளக்க நான் இரண்டு காகிதத்தில் படம் கீறினேன். அவர் படத்தைப் பார்த்தார், வடிவாகக் கீறியிருக்கிறீர்கள் என்றார், இன்னொரு ரோலை எடுத்தார். நானும் எடுத்தேன். அந்த மனிதர் மேல் இருந்த கோபத்தில் எத்தனை ரோல்ஸ் தின்றேன் என்று தெரியாது. நன்றாகத்தான் இருந்தன.

வியாழக்கிழமை தனியாக பஸ் ஏறினேன். நேசனுக்குத் தூரத்தில் மிசிசாகாவில் வேலை, விடிய முதலே போய்விடுவான். டிரைவரிடம், ரூஜில் பழைய கல்வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிடச் சொன்னேன். தலையாட்டினார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு சந்தியில் நிறுத்தி, "இதோ அம்மா, இதுதான் நீங்கள் கேட்டது" என்று புன்னகையோடு இறக்கிவிட்டார். பார்த்தால் ஒரு பழைய கல் தேவாலயம், அதைச் சுற்றிச் சுடலை. அவர் மேல் பிழையில்லை. இந்த ஊரில் கல்லால் கட்டியதைத் தேடி வருபவர்கள் செத்தவர்களைப் பார்க்கத்தான் வருவார்கள்போலும்.

நடந்தேன். நடைபாதை இல்லாத தெரு. மனிதன் நடப்பான் என்றே நினைக்காமல் ஓர் ஊரைக் கட்டியிருக்கிறார்கள். குளிர் தாங்காமல் வழியில் ஒரு டோனட் கடைக்குள் ஒதுங்கினேன். கோப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. பக்கத்து மேசையில் கட்டட வேலைத் தலைக்கவசத்தோடு இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கற்குவியலை இன்னும் ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள்? இடித்தால் நாலு வீடு கட்டலாம்."

"நாலு வீடு இல்லை, நாலு கராஜ்" என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில். திரும்பிப் பார்த்தார்கள். முழங்கால்வரை சேறு, தலையில் கம்பளித் தொப்பி, கையில் அளவு நாடா. கோப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

கல்வீட்டுக்கு வந்து பார்த்தால் சோக்குக் கோடு மறுபடியும் இருந்தது. இம்முறை நீலச் சோக்கு. தவம் அண்ணை விடியவே வந்து போயிருக்கிறார். மறுபடியும் அழித்தேன்.

பிறகு மேற்குப் பக்கத்து நிலவறைக் கதவால் உள்ளே ஏறி அளக்கத் தொடங்கினேன். நடுவில் கூடமும் மாடிப்படியும், இரண்டு பக்கமும் ஒவ்வோர் அறை. யன்னல் கட்டை அவ்வளவு அகலம், பிள்ளையைப் படுக்கவைத்துத் தாலாட்டலாம். வீட்டின் பின்னால் ஒட்டியபடி சமையலுக்கு ஒரு குசினி, அதுவும் கல்தான்; அங்கிருந்தும் அறைகளுக்கும் மாடிக்கும் தனி வழி இருந்தது. அதன் கிழக்குச் சுவரில் யாரோ ஒரு பெரிய அலுமாரியைச் சுவருக்குள்ளேயே பதித்து, பிளாஸ்திக் தகடு ஒட்டியிருந்தார்கள். வெளிப்பக்கம் அதே இடத்தில் ஒரு தகரக் கொட்டில் சாய்த்துக் கட்டிக் கிடந்தது. கடைசியாக இருந்த வாடகைக்காரரின் கைவேலையாம். அசிங்கம் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

வெளியே வந்தபோது முன்பக்கத்தில் ஒரு கிழவி நின்றாள். கைத்தடி, பச்சைக் கோட்டு. "இடிக்கப் போகிறீர்களா?" என்று நேரே கேட்டாள். இடிக்கிறவளைப் போலவா இருக்கிறேன் என்று கேட்டேன். அளவு நாடாவோடு வருகிறவர்கள் எல்லோரும் இடிக்கத்தான் வருவார்கள் என்றாள். எனக்கு அவளை உடனே பிடித்துக்கொண்டது.

மிஸிஸ் டாப்சன் அந்த வீட்டில் பிறந்தவள். அவளுடைய பாட்டனின் தகப்பன் கட்டியது. காணியைத் தமையன் கொம்பனிக்கு விற்றுவிட்டான். இப்போது பக்கத்தில் முதியோர் குடியிருப்பில் இருக்கிறாள். நடக்க முடிகிற நாட்களில் வந்து, வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவாளாம்.

எனக்கு மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. இந்த வாசலில் எத்தனை தலைமுறை வாழ்ந்து, பிள்ளை பெற்று, தொண்ணூறு வயதுவரை இருந்திருக்கிறார்கள் என்று இவள் வாயால் சுகந்தி கேட்கவேண்டும். நூறு வருடச் சாட்சி நேரே நிற்கும்போது யமனுக்கு என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை வரும்படி கேட்டேன். கேக் கொண்டு வருகிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை, எதிரியையும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று, கிழக்கு வாசல் வெட்டச் சொன்ன சாத்திரியாரிடம் போனேன். அவரும் ஸ்காபரோவில் ஓர் உயர்ந்த அப்பார்ட்மெண்டில்தான் இருந்தார். மின்தூக்கி பழுது. மூச்சு வாங்க ஏறிப்போய் அவருடைய வாசலில் நின்று, கைப்பையில் இருந்து திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன். எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஐயா, உங்கடை வாசல் எந்தத் திசை?"

"தெற்குத்தான்" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப?"

"இது வாடகை வீடு, தங்கச்சி. தோஷம் சொந்தக்காரனுக்கு."

பால்கோப்பி தந்தார். குடித்துவிட்டு வந்தேன். படியிறங்கும்போது எனக்குள் நானே அவரோடு வாதாடி ஒவ்வொரு மாடியிலும் வென்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுகந்தியைக் கெஞ்சிக் காரில் ஏற்றினோம். இறங்கமாட்டேன், காரில் இருந்தபடியே பார்க்கிறேன் என்ற நிபந்தனையோடு வந்தாள். நேசன் புது வீடுகளுக்கு நடுவால் காரைப் புல்லின்மேல் ஏற்றி முன்பக்கத்தில் நிறுத்தினான். சுகந்தி கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளையை அணைத்தபடி இருந்தாள். மிஸிஸ் டாப்சன் எலுமிச்சங்கேக் டப்பாவோடு வந்து சேர்ந்தாள்.

நான் ஒரு பேச்சாளரைப்போலத் தொடங்கிவைத்தேன். "இந்த அழகான வாசலைப் பற்றி இவளுக்குச் சொல்லுங்கள்."

"அழகுதான்" என்றாள் கிழவி. "என் தகப்பன் ஒவ்வொரு வசந்தத்திலும் வர்ணம் பூசுவார். ஆனால் நாங்கள் அதைத் திறப்பதே இல்லை."

"விருந்தாளிகளுக்கு மட்டும்?" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"இல்லை, இல்லை. பிரேதத்துக்கு."

நான் இருமினேன். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"பெட்டி நேராக வெளியே போகவேண்டுமல்லவா? குசினிப் பக்கம் திரும்பாது. அதனால்தான் இந்தக் கதவு இவ்வளவு அகலம். என் பாட்டி இதால்தான் போனார். தகப்பன் போனார். என் தங்கை போனாள், அவளுக்கு ஒரு வயதுகூட இல்லை. சின்னப் பெட்டி. அதற்கு இந்தக் கதவைத் திறக்கவேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் அம்மா திறக்கச் சொன்னார்."

சுகந்திக்கு இங்கிலிஷ் நன்றாக விளங்கும். காருக்குள் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. நேசன் என்னைப் பார்த்த பார்வையை இந்தச் சீவியத்தில் மறக்கமாட்டேன். கனடாவில் உள்ள அத்தனை கிழவிகளுக்குள்ளும் தேடிப்பிடித்து இவளை நான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். தவம் அண்ணையின் வாள்கூட இவ்வளவு சுத்தமாக வெட்டியிராது.

சுகந்தி அழுதாள். சத்தமில்லாமல், பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு. மிஸிஸ் டாப்சன் பதறிப்போய்க் காரண்டை குனிந்தாள். தான் என்ன பிழையாகச் சொன்னேன் என்று என்னைக் கேட்டாள். நான் அவளுடைய கையிலிருந்த கேக் டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுகந்திதான் கேட்டாள், இங்கிலிஷில், கிழவியின் காதுக்குக் கேட்கும்படி உரத்து: "அப்படியானால் உயிரோடு இருந்தவர்கள் எதால் போய் வந்தீர்கள்?"

கிழவி அவளை ஒரு விசித்திரமான பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "குசினி வாசலால்தான். வேறெதால்? காலையில் சூரியன் நேரே உள்ளே வரும். அம்மா அந்த வெளிச்சத்தில்தான் பாண் சுடுவார்." கைத்தடியைத் தூக்கி, வீட்டின் பின்புறத்தைக் காட்டினாள். குசினியின் கிழக்குச் சுவர். தகரக் கொட்டில்.

அலுமாரி! சுவரின் தடிப்பு முழுவதும் உள்ளே போயிருந்த அலுமாரி. கல்லுச் சுவருக்குள் யாராவது தோண்டி அலுமாரி வைப்பார்களா? முதலாம் வருட மாணவன் ஒருவன் அதைக் கவனியாமல் விட்டிருந்தால், வெளியே போ என்று சொல்லியிருப்பேன். நான் அளந்தேன், அசிங்கம் என்று சொன்னேன், போனேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தகரத்தை வெறுங்கையால் பிடித்து இழுக்கப் போனேன். நேசன்தான் தடுத்தான்.

திங்கட்கிழமை தவம் அண்ணை வெட்டும் மெஷினோடு வந்தார். அதைத் தொடக்கூடாது என்றேன். கம்பிப்பாரையைக் கொடுத்து, கொட்டிலையும் அலுமாரியையும் காட்டினேன். உடைப்பது என்றால் எதையாவது உடைத்தால் போதும் அவருக்கு. ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தகரத்தை உரித்தெடுத்தார். உள்ளே பழைய பலகைக் கதவு அப்படியே நின்றது, மேலே கல் வளைவோடு. அதன் கீழே நிலைக்கல். நடுவில், கால் படும் இடம் மட்டும், ஒரு தட்டுப்போலத் தேய்ந்து குழிந்திருந்தது.

"பாத்தியளே ரீச்சர், உடைச்சால்தான் எல்லாம் தெரியும்" என்றார் வெற்றிப் பெருமிதத்தோடு. பாரையைப் பறித்து அவருடைய தலையில் போடலாமா என்றிருந்தது.

சுகந்தி அன்று காரில் இருந்து இறங்கினாள். ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை. பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, குழிக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"எத்தினை பேர் உள்ளை வந்திருக்கினம், மச்சாள்" என்றாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு பால் காய்ச்சினோம். சாத்திரியார் வந்து, கிழக்கு என்று தான் அப்போதே சொன்னதாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். சுகந்தி அபியைத் தூக்கிக்கொண்டு, தேய்ந்த கல்லில் வலது காலை வைத்து உள்ளே போனாள். பின்னாலேயே மிஸிஸ் டாப்சன் வந்தாள். வாசலில் நின்று, இல்லாத ஒரு கால்மிதியில் சப்பாத்தை இரண்டு தரம் துடைத்தாள், தட்டாமல் கேட்காமல் உள்ளே வந்து, பால் பொங்குகிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். ஐயர் அவளுக்கும் திருநீறு கொடுத்தார். இடியப்பமும் சொதியும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் ஒரு குறை. அவ்வளவு அழகான முன்வாசல். வெட்டிய கல், விசிறிக் கண்ணாடி, அந்தக் காலத்து மனிதனின் முழு ஆசையும் அதில்தான் இருக்கிறது. அவன் சனமும் உயிரோடு அதால் போகவில்லை, எங்கள் சனமும் போகப் போவதில்லை. வந்த ஒருவர்கூடக் கூடத்துக்குப் போய் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சுகந்தி அந்தக் கூடத்துக்குள் காலே வைப்பதில்லை. குசினிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் அரிசி மூட்டையை வைத்துவிட்டாள். அந்த அரிசி மூட்டையைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

நான் புறப்படும் நாள். பெட்டி காரில் ஏறிவிட்டது. நேசன் பின்தெருவில் ஹோர்ன் அடித்தான். குசினியில் சுகந்தியைக் கட்டிப்பிடித்து, பிள்ளையை முகர்ந்துவிட்டு, ஒரு முடிவோடு அரிசி மூட்டையைத் தள்ளினேன். இந்த வாசலால் ஒரு ஆளாவது நிமிர்ந்து நடந்து போகவேண்டும். அது கட்டடம் படிப்பித்தவளாகவே இருக்கட்டும். கூடத்தைக் கடந்து, திறப்பைத் திருகி, அந்த அகலக் கதவை இழுத்தேன். மே மாத வெயில் படிக்கட்டுவரை பாய்ந்தது. ஒரு காலைத் தூக்கி நிலைக்கல்லில் வைத்தேன். அந்தக் கல் கொஞ்சமும் தேயவில்லை.

"மச்சாள்!"

சுகந்தி ஓடிவந்தாள். வெறுங்கால், இடுப்பில் பிள்ளை. வந்த வேகத்தில் எனக்கு முன்னால் பாய்ந்து, என் கையை இறுகப் பிடித்து என்னை உள்ளுக்குத் தள்ளினாள்.

"உதாலை போகாதேங்கோ, மச்சாள். உதாலை போனவை ஒருத்தரும் திரும்பி வரேல்லை. நீங்கள் வரவேணும்."

சொல்வதற்கு என்னிடம் ஆயிரம் இருந்தது. சூரியனின் பாதை, சுவரின் தடிப்பு, சாத்திரியாரின் வாடகை வீடு. வாய்வரை வந்த கோபத்தோடு அவளை நிமிர்ந்து பார்த்தேன். மூச்சு வாங்க, திறந்த தெற்கு வாசலின் நட்ட நடுவில் நின்றாள். அபியின் முகத்தில் வெயில் நேராக விழுந்தது. பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தது. தான் எங்கே நிற்கிறேன் என்று சுகந்திக்குத் தெரியவில்லை. அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அவர்கள் இருவரையும் அந்த வெயிலில் நிற்கவிட்டேன். பிறகு கதவைச் சாத்தித் திறப்பைத் திருகினேன். அரிசி மூட்டையை இருந்த இடத்திலேயே இழுத்து வைத்துவிட்டு, எல்லோரையும்போலக் குசினி வாசலால் வெளியே வந்தேன்.